பாரசீக உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: சோற்றிலிருந்து தொடங்குங்கள்

ரொறன்ரோவில் பாரசீகச் சாப்பாடு என்றால் யங் வீதிதான். பிஞ்ச் சந்தியிலிருந்து ஸ்டீல்ஸ் வரைக்கும், அதையும் தாண்டித் தோர்ன்ஹில், ரிச்மண்ட் ஹில் என்று வடக்கே போகப் போக, பாரசீக எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொடர்ந்து வரும். 1979 புரட்சிக்குப் பிறகும், 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் - ஈராக் போரை ஒட்டியும் நாட்டைவிட்டு வந்தவர்கள் இங்கே வீடு வாங்கி, பேக்கரி திறந்து, பலசரக்குக் கடை போட்டு, கூடவே தங்கள் சமையலையும் நிலைநிறுத்திவிட்டார்கள். நகரத்துக்கே ‘தெஹ்ரான்ரோ’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்களுக்கு வழியும் சுலபம். 39ஆம் இலக்க பிஞ்ச் கிழக்கு பஸ் பிஞ்ச் சப்வே நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். அங்கிருந்து வடக்கே நடந்தாலே போதும்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மவர்களில் பலர் ஒருமுறை போய், ஒரு கபாப் தட்டு வாங்கி, ‘உறைப்பே இல்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உண்மையாகவே மனவருத்தம். சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு, சோற்றை இவ்வளவு கவனமாகச் சமைக்கிற இன்னொரு சமையல் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஆனால் கபாப் கடை என்று நினைத்து உள்ளே போனால் அது கண்ணில் படாது. பாரசீகச் சமையற்காரரின் கைத்திறன் முதலில் தெரிவது சோற்றில். இறைச்சியும் குழம்பும் அந்தச் சோற்றுக்குத் துணை. இதை மனதில் வைத்துக்கொண்டு மெனுவைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

போவதற்கு முன்

தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேராகப் போனால்தான் ஒரு கபாப், ஒரு குழம்பு, ஒரு கலந்த சோறு என்று எடுத்துப் பகிர்ந்து சாப்பிட முடியும். அளவும் பெரியது. ஒரு தட்டில் வருகிற சோற்றை ஒருவர் முடிப்பது கஷ்டம். நான்கு பேருக்கு மூன்று பிரதான தட்டுகள் தாராளமாகப் போதும்.

வார இறுதியில் மதியமும் இரவும் பெரிய குடும்பங்களாக வருவார்கள், இடம் கிடைப்பது சிரமம். வார நாளில் மதியம் போனால் ஆறுதலாகக் கேள்வி கேட்கலாம், பரிமாறுகிறவருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும். மார்ச் 20ஐ ஒட்டி நவ்ரூஸ் புத்தாண்டு வரும். அந்த வாரத்திலும், டிசம்பரில் ஆண்டின் மிக நீண்ட இரவான யால்தா இரவிலும் முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால், ஓடர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாரசீகக் கபாப் என்றால் ஆட்டிறைச்சிதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்குள்ள கடைகளில் அரைத்த இறைச்சிக் கபாபில் மாடு மட்டுமோ, மாடும் ஆடும் கலந்தோ இருப்பது வழக்கம். துண்டு இறைச்சிக் கபாபும் பல கடைகளில் மாடுதான். குழம்புகளிலும் அப்படி. கடைக்குக் கடை வேறுபடுவதால் ஒரு கடையில் கேட்ட பதிலை அடுத்த கடைக்குக் கொண்டுபோக முடியாது. ஹலால் விஷயமும் இதேதான். எல்லாக் கடையும் ஹலால் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

மெனுவில் எதைத் தேடுவது

மெனு நீளமாக இருக்கும், ஆனால் அதன் அமைப்பு எளிது. செலோ என்று தொடங்கினால் வெள்ளைச் சோறு, அதனுடன் கபாபோ குழம்போ தனியாக வரும். பொலோ என்று முடிந்தால் சோற்றுக்குள்ளேயே ஏதோ ஒன்று கலந்திருக்கும்: பழம், கீரை, பயறு, பருப்பு. கோரேஷ் என்றால் நீண்ட நேரம் சிறு தீயில் வைத்த குழம்பு. ஆஷ் என்றால் தடித்த சூப். இந்த நான்கும் தெரிந்தால் மற்றப் பெயர்களெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன.

முதல்முறைக்கு என் சிபாரிசு இது: தொடக்கத்துக்கு ஒரு கத்தரிக்காய்த் தட்டு, நடுவில் ஒரு செலோ கபாப், ஒரு கோர்மே சப்ஸி, ஒரு ஸெரெஷ்க் பொலோ. கடைசியில் தேநீர். உறைப்பு, எண்ணெய், கறித்தூள் எதையும் எதிர்பார்க்காமல் இந்த நான்கையும் சாப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சமையலின் சுவை புளிப்பில் நிற்கிறது. காய்ந்த தேசிக்காய், மாதுளம்பாகு, ஸெரெஷ்க் என்கிற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழம், சுமாக் பொடி, வினாகிரி ஊறுகாய் என்று ஒவ்வொரு தட்டிலும் புளிப்பு வேறு வேறு வழியாக வரும். காரத்தைத் தேடும் நாக்கைக் கொஞ்சம் நேரம் புளிப்பைத் தேடச் சொன்னால் எல்லாம் திறந்துகொள்ளும்.

தொடக்கத் தட்டுகள்

உட்கார்ந்ததும் சில கடைகளில் சப்ஸி கோர்தன் வரும். துளசி, புதினா, முள்ளங்கி போன்ற பச்சை இலைகளும் கிழங்கும், கூடவே வெள்ளைச் சீஸ், வால்நட், ரொட்டி. அலங்காரம் என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். ரொட்டித் துண்டில் கொஞ்சம் சீஸ், இரண்டு இலை, ஒரு வால்நட் வைத்து மடித்துச் சாப்பிடுவது. பிரதான உணவு வந்த பிறகும் அந்தத் தட்டு மேசையிலேயே இருக்கட்டும், கபாபுக்கு நடுவில் ஒரு துளசி இலை கடித்தால் நெய்ப்பு அறுந்துபோகும்.

கத்தரிக்காயில் இரண்டு தட்டுகள் தெரிந்திருக்க வேண்டும். கஷ்கே பாதெம்ஜான் என்பது பொரித்து மசித்த கத்தரிக்காய், மேலே கஷ்க் என்கிற புளித்த பால்பொருள், பொரித்த வெங்காயம், எண்ணெயில் வாட்டிய காய்ந்த புதினா. மிர்ஸா காசெமி என்பது காஸ்பியன் கடலோரக் கீலான் மாகாணத்துச் சாப்பாடு: சுட்ட கத்தரிக்காய், நிறைய உள்ளி, தக்காளி, முட்டை. சுட்ட கத்தரிக்காயின் புகை மணத்துக்குப் பழகிய நமக்கு மிர்ஸா காசெமி உடனே பிடித்துவிடும். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் அதையே எடுப்பேன்.

தயிரில் மாஸ்தோ கியார் வெள்ளரிக்காய் சேர்த்தது, மாஸ்தோ முசீர் காட்டு வெங்காய வகை ஒன்றைச் சேர்த்தது. இரண்டாவது தடிப்பு, வாசமும் கூட. சாலாத் ஷிராஸி வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தேசிப்புளியிலோ பழுக்காத திராட்சைச் சாற்றிலோ பிரட்டியது.

குளிர்காலத்தில் போனால் ஆஷ் ரெஷ்தே கட்டாயம். கீரை, கொண்டைக்கடலை, பயறு, தட்டையான நூடில்ஸ் எல்லாம் சேர்ந்து கரண்டி நிற்கிற பதத்தில் இருக்கும், மேலே கஷ்க். ஒரு கிண்ணத்தை நான்கு பேர் பகிரலாம். தனியாக ஒரு கிண்ணம் குடித்தால் பிறகு வருகிற சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

ரொட்டியையும் அளவோடு சாப்பிடுங்கள். சூடாக வருவதால் கை அதற்கே போகும். சங்கக் என்கிற நீளமான கோதுமை ரொட்டி, சூடான கூழாங்கற்களின் மேல் போட்டுச் சுடப்படுவது. வாயில் வைக்கும் முன் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது, சின்னக் கல் ஒட்டியிருக்கலாம்.

செலோ கபாப் தட்டை எப்படிச் சாப்பிடுவது

முதலில் கபாப் வகைகள். கூபிதே என்பது அரைத்த இறைச்சியை வெங்காயத்துடன் பிசைந்து அகலமான கம்பியில் பிடித்துச் சுட்டது. விலையில் குறைந்ததும் இதுதான், ஒரு கடையின் தரத்தைக் காட்டுவதும் இதுதான். நல்ல கூபிதே கரண்டியால் அழுத்தினால் வெட்டுப்படும், ஆனால் உதிராது. உள்ளே ஈரம் இருக்கும். ரப்பர் மாதிரி இழுத்தால் அந்தக் கடையில் மற்றதை ஓடர் பண்ணவேண்டாம். பர்க் என்பது மெல்லியதாக விரித்த நல்ல இறைச்சித் துண்டு. ஜூஜே என்பது குங்குமப்பூவிலும் தேசிப்புளியிலும் ஊறவைத்த கோழி. எலும்போடு ஒரு வகை, எலும்பில்லாமல் ஒரு வகை. பிள்ளைகளுக்கு எலும்பில்லாத ஜூஜே பிரச்சினையில்லாத தெரிவு.

இரண்டைச் சேர்த்தும் தருவார்கள். சொல்தானி என்றால் ஒரு பர்க்கும் ஒரு கூபிதேயும். வசீரி என்றால் ஜூஜேயும் கூபிதேயும். பக்தியாரி என்றால் கோழியும் துண்டு இறைச்சியும் ஒரே கம்பியில் மாறி மாறி. முதல்முறைக்கு மாடு பிரச்சினையில்லாதவர்கள் சொல்தானி எடுங்கள், ஒரே தட்டில் இரண்டு கைப்பக்குவமும் தெரியும்.

தட்டு வந்ததும் உடனே கபாபை வெட்டத் தொடங்கவேண்டாம். ஒரு மேடு வெள்ளைச் சோறு இருக்கும், அதன் தலையில் குங்குமப்பூத் தண்ணீரில் பிரட்டிய மஞ்சள் சோறு. பக்கத்தில் ஒரு சின்னப் பட்டர் பொட்டலம், சுட்ட தக்காளி, பச்சை வெங்காயம். மேசையில் உப்பு, மிளகுத்தூள் பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பொடி இருக்கும், அதுதான் சுமாக்.

சோறு சூடாக இருக்கும்போதே பட்டரை அதன் நடுவில் புதைத்துவிடுங்கள். அது உருகும் நேரத்தில் சுட்ட தக்காளியைத் தோலோடு சோற்றில் வைத்து முள்ளுக்கரண்டியால் நசியுங்கள், அந்தச் சாறுதான் இந்தத் தட்டுக்குக் குழம்பு. பிறகு சுமாக்கைத் தாராளமாகக் கபாபின் மேலும் சோற்றின் மேலும் தூவுங்கள். பயந்து தூவினால் சுவை தெரியாது. சோற்றைக் கரண்டியால் மெதுவாகக் கிளறிவிட்டு, கபாபில் ஒரு வாய்க்கு அளவான துண்டைக் கரண்டி ஓரத்தால் வெட்டிச் சோற்றோடு சேர்த்து எடுக்க வேண்டும். இடையில் ஒரு கடி வெங்காயம். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்ளு, கத்தி தேவைப்படாது. கையால் சாப்பிட விரும்பினால் சோற்றைவிட ரொட்டியிலும் கபாபிலும் தொடங்குங்கள். கபாபுக்கு அடியில் விரித்திருக்கும் மெல்லிய லவாஷ் ரொட்டி கொழுப்பையும் சாற்றையும் குடித்திருக்கும். அதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

உறைப்பு இல்லாமல் முடியவே முடியாது என்றால் சுட்ட பச்சை மிளகாய் இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். அதைவிட நல்ல வழி தோர்ஷி என்கிற வினாகிரி ஊறுகாய். அதிலும் சீர் தோர்ஷி கேட்டுப் பாருங்கள். முழு உள்ளியை வினாகிரியில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்தது, பழையதாக ஆக ஆகக் கறுத்து, காரம் போய் இனிப்பு ஏறும்.

கோரேஷ்

கோர்மே சப்ஸியை ஈரானியர்கள் பலர் தங்கள் தேசிய உணவு என்றே சொல்வார்கள். பார்க்கக் கரும்பச்சை. பார்சிலி, கொத்தமல்லி இலை, வெங்காயத்தாள் வகை, வெந்தயக் கீரை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பச்சை வாசம் போய் நிறம் இருளும்வரை எண்ணெயில் வதக்கி, இறைச்சியும் சிவப்புப் பயறும் காய்ந்த தேசிக்காயும் போட்டு மணிக்கணக்கில் வைப்பது. வெந்தயக் கீரையின் மெல்லிய கசப்பும் தேசிக்காயின் புளிப்பும் முன்னே வரும். முதல் வாயில் விசித்திரமாக இருக்கலாம், நான்காவது வாயில் கை நிற்காது. குழம்பில் கிடக்கும் காய்ந்த தேசிக்காயை முழுதாக வாயில் போட்டுக் கடிக்கவேண்டாம், விதை நல்ல கசப்பு. கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திச் சாற்றைக் குழம்பில் விட்டுவிட்டு ஓரமாக வையுங்கள்.

கெய்மே கடலைப்பருப்பு மாதிரியான மஞ்சள் பருப்பு, இறைச்சி, தக்காளி, காய்ந்த தேசிக்காய் சேர்ந்தது, மேலே மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியல் தூவி வரும். பாரசீகச் சாப்பாட்டுக்குத் தயங்குகிறவரை அழைத்துப் போகும்போது இதைத்தான் நான் முன்னே வைப்பேன்.

ஃபெசன்ஜான் வேறு உலகம். வால்நட்டை அரைத்து மாதுளம்பாகில் காய்ச்சி, அதிலே கோழியோ வாத்தோ போடுவது. எண்ணெய் பிரிந்து மண்ணிறமாக நிற்கும். கீலான் பக்கத்தில் புளிப்பாகச் செய்வார்கள், தெஹ்ரான் பக்கம் இனிப்பாக. எந்த விதம் என்று கேட்டுவிட்டு எடுங்கள், இனிப்புக் குழம்பு நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒத்துவராது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இதை விட்டுவிட வேண்டும், வால்நட் இதில் தூவல் அல்ல, குழம்பே அதுதான்.

தெற்குப் பக்கத்துச் சமையல் வைத்திருக்கும் கடை கிடைத்தால் கலியே மாஹி தேடிப் பாருங்கள். பாரசீக வளைகுடாக் கரையிலிருக்கும் பூஷெர், குஸெஸ்தான் பகுதிகளின் மீன்குழம்பு. கொத்தமல்லி இலை, வெந்தயக் கீரை, உள்ளி, மிளகாய், பழப்புளி. ஆம், நம் பழப்புளியேதான். ஈரானியச் சமையலில் காரம் இல்லை என்று முடிவுகட்டியவர்கள் இந்த ஒரு சட்டியைச் சாப்பிட்டால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தால் விடவேண்டாம்.

கலந்த சோறும் தஹ்திக்கும்

அரிசியை ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, எண்ணெய் விட்ட சட்டியில் கூம்பாகக் குவித்து, மூடியில் துணி சுற்றி ஆவியில் வேகவிடுவது. துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, ஆனால் உள்ளே மென்மையாக நிற்கும். ஈரானில் கீலான், மாசந்தரான் மாகாணங்களின் அரிசிக்குத் தனிப் பெயர். இங்குள்ள கடைகளில் பாஸ்மதிதான்.

ஸெரெஷ்க் பொலோவில் அந்தச் சிவப்புப் பழத்தைப் பட்டரிலும் சிறிது சீனியிலும் வாட்டிச் சோற்றின் மேல் போட்டிருப்பார்கள், பக்கத்தில் குங்குமப்பூ போட்ட கோழி. பாகாலி பொலோ சதகுப்பை இலையும் பெரிய பச்சை அவரைப் பருப்பும் கலந்த சோறு. அதோடு வருகிற மாஹிச்சே, எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும் ஆட்டுக்கால் இறைச்சி. ஆட்டிறைச்சி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மெனுவில் நம்பிக்கையான இடம் இதுதான். சில கடைகளில் வார இறுதியில் மட்டும் இருக்கும். அல்பாலு பொலோ புளிப்புச் செர்ரி, அதஸ் பொலோ மைசூர்ப் பருப்பு வகையும் உலர்ந்த திராட்சையும், லூபியா பொலோ பச்சைப் போஞ்சி.

பிரியாணி என்று நினைத்து இவற்றைத் தொடக்கூடாது. மசாலாவைத் தேடினால் கிடைக்காது. பட்டர், குங்குமப்பூ, ஒரு புளிப்பு அல்லது ஒரு வாசனை இலை, அவ்வளவுதான். அந்தக் குறைவான சேர்க்கையில்தான் அரிசியின் மணம் தெரியும்.

சட்டியின் அடியில் பொன்னிறமாக முறுகிப் பிடித்திருப்பது தஹ்திக். வீடுகளில் இதற்குச் சண்டையே நடக்கும். சோற்றில் பிடிப்பது ஒரு வகை, சட்டியின் அடியில் ரொட்டியையோ வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கையோ பரப்பிப் பிடிக்கவைப்பது வேறு வகை. கடையில் அது தானாக உங்கள் தட்டுக்கு வராது, கேட்க வேண்டும். உட்கார்ந்ததும், மற்ற ஓடருக்கு முன்பே, “தஹ்திக் இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஒரு சட்டிக்கு ஒரு அடிதான், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சில கடைகளில் மேலே கெய்மேயோ கோர்மே சப்ஸியோ ஊற்றித் தொடக்கத் தட்டாக விற்பார்கள். அது வந்ததும் ஊறிப்போகும் முன் சாப்பிடுங்கள்.

தீஸி வந்தால் என்ன செய்வது

இது தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று, ஏனென்றால் எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் திகைத்து நிற்பவர்கள் இங்கேதான் அதிகம். ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, வெள்ளைப் பயறு, உருளைக்கிழங்கு, தக்காளி, காய்ந்த தேசிக்காய் எல்லாவற்றையும் சின்னக் கல் சட்டியிலோ மண் சட்டியிலோ பல மணிநேரம் வேகவைத்து, சட்டியோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். சாப்பாட்டுக்கு ஆப்கூஷ்த் என்று பெயர், சட்டியின் பெயரால் தீஸி என்றும் சொல்வார்கள். கூடவே ஒரு வெற்றுக் கிண்ணமும், அடியில் தட்டையான ஒரு மத்தும் வரும்.

சட்டியைத் துணியால் பிடித்து, சாற்றை மட்டும் கிண்ணத்தில் வடியுங்கள். சங்கக் ரொட்டியைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து அந்தச் சாற்றில் போட்டு, ஊறியதும் கரண்டியால் சாப்பிடுவது முதல் பாதி. பிறகு சட்டியில் மீந்திருக்கும் இறைச்சி, கடலை, கிழங்கு எல்லாவற்றையும் மத்தால் நன்றாக மசிக்க வேண்டும். எலும்பை முதலில் எடுத்துவிடுங்கள். கொழுப்பைத் தூக்கி எறியாமல் சேர்த்து மசித்தால்தான் ருசி. அந்த மசியலை ரொட்டியில் எடுத்து, பச்சை வெங்காயம், தோர்ஷி, துளசி இலையோடு சாப்பிடுவது இரண்டாம் பாதி. தடுமாறினால் பரிமாறுகிறவரைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாகச் செய்து காட்டுவார். மதியச் சாப்பாடு இது. இரவில் நல்ல பாரமாக இருக்கும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு

கஷ்டம் உண்டு, வழியும் உண்டு. கோர்மே சப்ஸி பச்சையாக இருப்பதால் மரக்கறி என்று ஏமாறவேண்டாம். ஆஷ் ரெஷ்தேயில் இறைச்சித் துண்டு தெரியாவிட்டாலும் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள், கேட்க வேண்டும். மிர்ஸா காசெமியிலும், கூக்கூ சப்ஸி என்கிற கீரை வடையிலும் முட்டை உண்டு. கஷ்க் பால்பொருள். பாதுகாப்பான சேர்க்கை: கஷ்கே பாதெம்ஜான், சாலாத் ஷிராஸி, மாஸ்தோ முசீர், சூடான ரொட்டி, இறைச்சி போடாத அதஸ் பொலோ. பால்பொருளும் வேண்டாம் என்பவர்கள் சோற்றில் பட்டர் போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

குடிக்கவும் இனிப்புக்கும்

தூக் என்பது உப்பும் காய்ந்த புதினாவும் போட்ட மோர். சிலது போத்தலில் காஸோடு வரும். கபாபோடு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மீன் எடுத்திருந்தால் மட்டும் தூக் வேண்டாம் என்று ஈரானியர்கள் பலர் சொல்வார்கள். உணவுகளைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு. மீனும் தயிரும் குளிர்ச்சி, வால்நட் போட்ட ஃபெசன்ஜான் சூடு. நம் அம்மாக்களும் அவர்களுடைய அம்மாக்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

தேநீர் கண்ணாடிக் கிளாஸில் பால் இல்லாமல் வரும். சீனிக்கட்டியைத் தேநீரில் போடாமல் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு தேநீரை அதன் வழியாக உறிஞ்சுவது பழைய வழக்கம். நபாத் என்கிற குங்குமப்பூக் கற்கண்டு கொடுத்தால் அதை உள்ளே விட்டுக் கலக்கலாம்.

இனிப்பில் பஸ்தனி சொன்னதி கேளுங்கள்: குங்குமப்பூ, பன்னீர்ப்பூத் தண்ணீர், பிஸ்தா போட்ட ஐஸ்கிரீம். அதன் பக்கத்தில் ஷிராஸ் நகரத்து ஃபாலூதே வைத்துத் தருவார்கள், உறைந்த மெல்லிய மாவுச் சேமியா, மேலே தேசிப்புளி. நமக்குத் தெரிந்த பால் ஊற்றிய பலூடா இது இல்லை, நல்ல புளிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சாப்பிடுவது என் விருப்பம்.

பில்லும் மரியாதையும்

ஒன்ராறியோவில் பில்லின் மேல் 13 சதவீத வரி சேரும், அதோடு மேசையில் பரிமாறினால் 15 சதவீதத்தை ஒட்டி ரிப்ஸ் வைப்பது வழக்கம். மெனு விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடவேண்டாம்.

ஈரானியர் ஒருவரோடு போனால் வேறு ஒரு கணக்கும் உண்டு. தாரோஃப் என்கிற உபசார முறையில், கடைக்காரரே காசு வாங்கும்போது ‘பரவாயில்லை, இருக்கட்டும்’ என்ற பொருளில் ஏதாவது சொல்லக்கூடும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே நடக்கக்கூடாது. நன்றி சொல்லிக் காசைக் கொடுக்க வேண்டும். உங்களை அழைத்து வந்தவர் பில்லைப் பிடித்துக்கொண்டால், நானும் தருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை உண்மையாகவே கேளுங்கள். பிறகு விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த சாப்பாட்டுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். தட்டில் கடைசித் துண்டை உங்கள் பக்கம் தள்ளினால் முதலில் மறுப்பதும், மறுபடி வற்புறுத்தினால் எடுத்துக்கொள்வதும்தான் முறை. யாழ்ப்பாணத்து வீட்டு விருந்துக்குப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

நன்றிக்கு ‘மெர்சி’ என்றால் போதும், ஈரானியர்கள் அன்றாடம் அதையே சொல்கிறார்கள். பரிமாறியவரிடம் ‘தஸ்தெதூன் தர்த் நகோனே’ என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்று அர்த்தம், முகம் மலர்ந்துவிடும்.

மீந்ததைக் கட்டித் தரச்சொல்லக் கூச்சப்படவேண்டாம், அங்கே எல்லோரும் செய்வதுதான். சோற்றையும் குழம்பையும் தனித்தனிப் பெட்டியில் கேளுங்கள். கோர்மே சப்ஸி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சோற்றைச் சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். கூபிதேயை மட்டும் மைக்ரோவேவில் வைக்கவேண்டாம், காய்ந்துபோகும். தக்காளியோடு தாச்சியில் போட்டு மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் பதமாகிவிடும்.